பிளாப்பிக்குள் தெய்வானை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினால் முதலில் வருவது வாசனைதான். சூடேறிய தூசி, உப்புக்காற்றில் பூத்த துரு, அம்மா வெள்ளிக்கிழமைதோறும் காட்டும் சாம்பிராணி எல்லாம் கலந்து, மழைக்காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் நுழைந்தது போல ஒரு புழுங்கிய வாசனை. அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கை உள்ளே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். "பொசுங்குன நாத்தம் இல்ல, பொழைச்சுக்கும்" என்பார். நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆரம்பத்தில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அப்பா காரைக்காலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். எங்களுக்குச் சுரக்குடியில் வீடும் கொஞ்சம் நிலமும் இருந்தன. நிலத்தைப் பார்ப்பது, அலுவலகம் போவது, கோவிலுக்குப் போவது என்று இருந்த மனிதருக்கு எங்கிருந்து இந்தக் கிறுக்கு பிடித்தது என்று அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. டவுனில் பாஸ்கர் என்பவர் ஒரு மாடிப்படியின் அடியில் கடை வைத்து, உதிரிப் பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்புப் போன வருஷம், சம்பா அறுவடை முடிந்த கையோடு, அவரிடமிருந்து ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. அம்மா அதைக் கம்ப்யூட்டர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பொட்டி" என்பாள். "உங்கப்பாவுக்குச் சோறு வேணாம், பொட்டி போதும்" என்பது எங்கள் வீட்டில் அன்றாடம் கேட்கும் வசனம்.

பெட்டி வந்த நாள் முதல் அப்பாவுக்குக் கேள்விகள் ஓயவில்லை. ராத்திரி அணைத்துவைத்த கம்ப்யூட்டர், விடிந்ததும் ஏன் தேதியை மறந்துவிட்டு எப்போதோ முடிந்துபோன ஒரு வருஷத்தின் ஜனவரியில் போய் நிற்கிறது? ஊர் பம்புசெட்டெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது திரையில் உள்ள படம் ஏன் நாலு பக்கமும் சுருங்குகிறது? "ஸ்டெபிலைசர்" டிக் டிக்கென்று அடித்துக்கொள்வது நல்லதற்கா, கெட்டதற்கா? நெட்டில் இருக்கும்போது கூடத்து போனை யாராவது கையில் எடுத்தால் இணைப்பு அறுந்துபோகிறதே, அப்போது பாதி வந்து நின்ற படத்தின் மீதிப் பாதி எங்கே போகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை அவர் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். போன் கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேனைக் கீழே நின்று கேட்டதை நானே பார்த்தேன். அவர் மேலிருந்தபடியே, "மழ பேஞ்சா லைனு கரகரங்குது சார், அதுக்கே எனக்குப் பதில் தெரியல" என்றார்.

ஒருநாள் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பலகை எழுந்து, இந்த புரோகிராம் சட்டவிரோதமான ஒரு காரியத்தைச் செய்துவிட்டது, ஆகையால் மூடப்படுகிறது என்றது. அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கக்கூடாது. எங்கள் பக்கம் புதுச்சேரியைச் சேர்ந்தது, எல்லை தாண்டினால் தமிழ்நாடு. சோதனைச் சாவடியில் போலீஸ் சாராய பாட்டில் தேடிப் பையைக் குடைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏங்க, போலீசு வருமா?" என்று கேட்டாள். "வராதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் அப்பா. அந்த "நெனைக்கிறேன்" அம்மாவுக்குப் போதவில்லை. அன்று சாயங்காலம் வரை வாசல் கதவு சாத்தியே இருந்தது.

எல்லாக் கேள்விக்கும் பாஸ்கரிடம் ஒரே பதில் இருந்தது. நல்ல மனிதர், பொறுமைசாலி, டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்பமாட்டார். ரேம் என்ற அந்தச் சின்னப் பட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டுவார். கடல்காற்று ஊருக்கு அதுதான் முதலுதவி. அதிலும் சரியாகவில்லை என்றால் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பார். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, புதிதாக வாங்கியது போல ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுவதற்குப் பெயர்தான் ஃபார்மட். மவுஸ் நகரவில்லையா, ஃபார்மட். ஸ்பீக்கரில் ஒலி இல்லையா, ஃபார்மட். அப்பா அதற்கு ஒப்பமாட்டார். "தலவலின்னா தலைய எடுத்துடறதா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே, பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவருவார். வீட்டிலேயே ரேமைத் தேய்க்க அப்பா வாங்கிக்கொண்ட என் ரப்பர் போனது போனதுதான்.

இந்தக் கூத்துகளுக்கெல்லாம் அன்றாடம் ஒரு பார்வையாளர் உண்டு. கடலோரக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் தெய்வானை. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையோடு பஸ் ஏறி, எங்கள் தெருவுக்கு வரும்போது பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமாகியிருக்கும். நல்ல உயரம். குரலோ, தெரு முனையில் கூப்பிட்டால் கொல்லையில் இருக்கும் பூனை எழுந்து வரும். கொல்லைப்புறக் குழாயடியில் கூடையை இறக்கி, அம்மாவோடு சூடை மீனுக்கும் சங்கராவுக்கும் விலை வாதாடிக்கொண்டே சன்னல் வழியாக அப்பாவை எட்டிப் பார்ப்பாள்.

"என்னங்க சார், இன்னிக்கும் வயித்தக் கிழிச்சுட்டீங்களா?"

"கொஞ்சம் மக்கர் பண்ணுது தெய்வான."

"குடல எடுத்துட்டு மஞ்சப் போட்டுக் கழுவுங்க சார், எல்லாம் சரியாப் போவும்."

அப்பாவைக் கேலி செய்ய எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. தெய்வானைக்கு இருந்தது. அப்பாவும் அவளிடம் மட்டும் கோபித்துக்கொள்ளமாட்டார். அவள் சிரித்துவிட்டுப் போன பிறகு பெட்டியோடு மல்லுக்கட்டுவது அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த ஆடி மாதம் அப்பா ஒரு "வெப்கேம்" வாங்கி வந்தார். வாத்து முட்டை அளவில், ஒற்றைக் கண்ணோடு, மானிட்டர் தலையில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதைக் காட்டினாலும் நீலம் பாரித்துப் போய்த் தெரியும். அசைந்தால் முகம் இழுபட்டு வரும். ஆனாலும் நினைத்தபோது படம் எடுக்கலாம், பிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு நடை வந்து முகம் காட்டிவிட்டுப் போனார்கள்.

தெய்வானை மட்டும் பிடிகொடுக்கவில்லை. "கவிச்சியோட உக்காந்தா பொட்டி நாறிடும்" என்று நழுவிவிடுவாள். ஒரு நாள் அவளோடு மகள் மலரும் வந்திருந்தாள். ஆறு வயசு இருக்கும். அப்பா அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்ததும், திரையில் தன்னைக் கண்டு, "எம்மா, உள்ள நானு! எம்மா, நீயும் வாம்மா!" என்று கத்திக் குதித்தாள். மகள் சொல்லுக்குத் தெய்வானையால் தப்பிக்க முடியவில்லை. குழாயடியில் முகம் கழுவி, முந்தானையால் துடைத்து, அம்மா கொடுத்த குங்குமத்தை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். அம்மா அதைச் சொல்லப் போக, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அப்பா பட்டனை அமுக்கிவிட்டார். படத்துக்கு அவள் பெயரையே ஆங்கில எழுத்தில் தட்டி வைத்தார்.

"எங் கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருக்கு, தலைய குனிஞ்சுகிட்டு. ஓட்டுக் கார்டுக்குப் படம் புடிக்க வந்த அன்னிக்கு நான் யாவாரத்துக்கு வந்துட்டேன். அதுக்கப்பறம் இதுதான்க்கா" என்று அம்மாவிடம் சொன்னவள், அப்பா பக்கம் திரும்பி, "பத்தரமா வச்சுக்கங்க சார்" என்றாள். பாஸ்கர் கடையில் அச்செடுத்துத் தருவதாக அப்பா சொன்னார். அங்கே கலர் பிரிண்டரின் மை எப்போது கேட்டாலும் தீர்ந்துபோயிருந்தது. நாளைக்கு, அடுத்த வாரம் என்று அது தள்ளிக்கொண்டே போனது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், அப்பாவின் சைக்கிள், என் புத்தகங்கள் எல்லாம் கூடத்தில் வரிசையாகப் பூஜையில் இருக்கும். அந்த வருஷம் கம்ப்யூட்டரும் சேர்ந்தது. அம்மா அதன் நெற்றியில் மட்டுமல்ல, கீபோர்டிலும், சிடி போடும் கதவிலும், காற்று வரும் துவாரங்களிலும் ஒரு குறையும் வைக்காமல் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாவிலையால் மஞ்சள் நீரும் தெளித்தாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தார். ஆனால் பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை தொடக்கூடாது, துடைக்கவும் கூடாது. சாமிக்கு முன்னால் போய், "தண்ணி உள்ள போயிருக்கும்" என்று எப்படிச் சொல்வது? கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

விஜயதசமி அன்று பெட்டியைப் போட்டால் நீளமாக ஒரு ஊளை. முகர்ந்து பார்த்தார்; சந்தனம்தான் மணந்தது. ரேமைத் தேய்த்தார். பிறகு அது எழுந்தது, ஆனால் நொண்டியது. எதைத் தொட்டாலும், பொறு என்பது போலத் திரையில் மணல்கடிகாரப் படம் வந்து நின்றுவிடும். பாஸ்கர் மொபெட்டில் வீட்டுக்கே வந்து பார்த்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, "வைரஸும் ஏறிக் கெடக்கு சார். ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார். அப்பா முதல்முறையாகச் சரி என்றார். வேண்டியதையெல்லாம் வெளியில் எடுத்துக்கொள்ள ஒரு நாள் தவணை கேட்டார்.

அந்த நாளை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். நொண்டிக்கொண்டிருந்த பெட்டியில் ஒரு பிளாப்பியைச் செருகினார். பிளாப்பி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளங்கை அளவுக் கறுப்புப் பிளாஸ்டிக் சதுரம், ஓரத்தில் ஒரு தகரக் கதவு. திரையின் முகப்பில் தெய்வானை படத்துக்கு ஒரு சின்னச் சித்திரம் வைத்திருந்தார், பார்க்க வருகிறவர்களுக்குச் சட்டென்று திறந்து காட்டுவதற்காக. அந்தச் சித்திரத்தையும், தெருக்காரர்களின் படங்களுக்கு வைத்திருந்த இன்னும் சிலவற்றையும் மவுஸால் பிடித்து இழுத்துப் பிளாப்பிக்குள் போட்டார். அரைகுறையாக வேலை செய்கிறவர் இல்லை அவர். பிளாப்பியைத் திறந்து, அங்கிருந்தே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். சும்மாட்டோடு தெய்வானை வந்து சிரித்தாள். "வந்துட்டா பாரு" என்றார் அப்பா. பிளாப்பியின் மேல் சீட்டு ஒட்டி, மழைக்கு நமுத்துவிடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார். மறுநாள் பாஸ்கர் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். பெட்டி பழையபடி ஓடத் தொடங்கியது. எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்.

அந்த மார்கழியில் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. சுரக்குடிக்குத் தண்ணீர் வரவில்லை. வண்டிகளில் ஆட்கள் வந்தார்கள், ஈரத்துணியோடு, எதையும் கோர்வையாகச் சொல்ல முடியாமல். அப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கஞ்சித் தொட்டி வைத்து, அவர் அங்கேயே தங்கிவிட்டார். தெய்வானை அன்று ஏலத்துக்காகக் கரையில் நின்றிருக்கிறாள். ஞாயிறு என்றால் வியாபாரம் அதிகம், இன்னும் ஒரு கூடை மீனுக்காக வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாளாம். அவள் புருஷன் முருகையன் கடலில் வெகுதூரம் போயிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மலர் டவுனில் அத்தை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த முருகையனுக்கு வீடும் இல்லை, தெய்வானையும் இல்லை. அவள் உடம்பு கிடைக்கவே இல்லை.

எங்கள் கொல்லைப்புறக் குழாயடி காய்ந்து கிடந்தது. அம்மா அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றுவிட்டு வருவாள். நாங்கள் வெகுகாலம் மீன் சாப்பிடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் முருகையன் எங்கள் வீடு தேடி வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. வாசலில் நின்றுகொண்டு, "சார், அவ படம் ஒங்க பொட்டிக்குள்ள இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. எங்கள்ட்ட இருந்தது எல்லாம் தகரப் பொட்டியோட போயிடுச்சு. காரியத்துக்கு வைக்க ஒண்ணுமில்ல" என்றார். அப்பாவுக்கு அந்த நேரத்தில் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? அத்தனை நாளாக யாருக்கும் எதையும் செய்ய முடியாமல் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மனிதர் அவர். "இருக்குங்க முருகையன், பத்திரமா இருக்கு, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து, பீரோவைத் திறந்து, பிளாப்பியை எடுத்துச் செருகினார்.

உள்ளே தெய்வானையின் பெயர் இருந்தது. அப்பா அதைத் தட்டினார். ஒரு டார்ச் விளக்குப் படம் எழுந்து, அங்கும் இங்கும் அலைந்து தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்றது. மறுபடி தட்டினார். மறுபடி தேடியது. மற்றப் படங்களைத் தட்டினார், எல்லாம் அப்படியே.

என்ன நடந்தது என்பது இன்று எனக்கு ஒரு வாக்கியத்தில் தெரியும். அவர் இழுத்துப் போட்டது படத்தை அல்ல. படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் "ஷார்ட்கட்"டை. திருநள்ளாறு இந்தப் பக்கம் என்று கை காட்டும் பலகையைப் பிடுங்கி வந்து வீட்டில் வைத்துக்கொண்டு, கோவிலே வீட்டில் இருப்பதாக நம்பியது போல. அன்று பிளாப்பியிலிருந்து சோதித்தபோது படம் திறந்ததே என்றால், அசல் அப்போதும் பெட்டிக்குள் இருந்தது. பலகை அதைக் காட்டியது. மறுநாள் அசலைத் துடைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறையில் பலர் இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். பலருக்கு அதில் போனது ஒரு விடுகதைத் தொகுப்போ, சினிமாப் பாட்டோ.

"கொஞ்சம் கோளாறா இருக்கு. ரெண்டு நாள்ல எடுத்துத் தரேன்" என்றார் அப்பா. 

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாஸ்கர் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பாஸ்கர் எல்லாம் கேட்டுவிட்டு டீக்குச் சொன்னார். வழக்கமான அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. "பழசு மேல புதுசு எல்லாம் எழுதியாச்சு சார். எங்கிட்ட அதுக்கு ஒண்ணும் இல்ல. மெட்ராஸ்ல எடுக்கறாங்கன்னு கேள்விதான்" என்றார். மெட்ராஸில் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அப்பா நெட்டில் கம்ப்யூட்டர் பிரியர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில், தன் எழுத்தர் ஆங்கிலத்தில், மரியாதைக்குரிய ஐயா என்று ஆரம்பித்து, நடந்ததையெல்லாம் எழுதிக் கேட்டார். லைன் அறுந்து அறுந்து, திரும்பத் திரும்ப எழுதினார். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பதில்கள் வந்தன; பிளாப்பிக்குள் போனது படம் அல்ல என்பது அவற்றைப் படித்துத்தான் அவருக்கு விளங்கியது. எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்களிடம் பேக்கப், அதாவது தனியே எடுத்துவைத்த நகல், இருக்கிறதா? அப்பா அந்தப் பதில்களின் முன்னால் பிளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பதினாறும் முடிந்தது. படம் இல்லாமலேதான் முடிந்தது. அதற்குப் பிறகும் முருகையன் வந்துகொண்டிருந்தார். வந்து, கொல்லைப்புறக் குழாயடியில் உட்காருவார். படத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். அம்மா டீ கொடுப்பாள். குடித்துவிட்டு, "சாருக்கு வேல இருக்கும்" என்று எழுந்து போவார். அப்பா பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஏதோ செய்வது போல எதையாவது தட்டிக்கொண்டிருப்பார். கேட்காமல் போகிறாரே என்பதுதான் அவரைக் கொன்றது. "இன்னும் எத்தன நாளைக்கு அந்த மனுசன நடக்கவுடுவீங்க? சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். பலகை, கோவில் என்று விளக்கப் பார்த்தார். பாதியில் அவருக்கே விளக்கம் அருவருப்பாகப் போய் நிறுத்திவிட்டார். "படம் இல்லீங்க முருகையன். நான்தான் தொலைச்சுட்டேன்" என்றார்.

முருகையன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எழுத்து என்னங்க சார்?"

"அவங்க பேரு."

"அப்ப அதக் குடுங்க சார்."

"இதுல ஒண்ணும் இல்லீங்க. பேரு மட்டுந்தான் இருக்கு. தொறந்தா வராது."

"தெரியிது சார். கடல்ல எங்க கெடக்கான்னு தெரிஞ்சா பால ஊத்துனோம்? அங்கயும் ஒண்ணும் இல்லதான்" என்றார் முருகையன். குரலில் கோபம் இல்லை. அப்பா பிளாப்பியை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்து அரிசியும் துணியும் கொடுக்க, அப்பாவோடு நானும் அம்மாவும் முருகையனும் மலரும் இருந்த நிவாரணத் தகரக் கொட்டகைக்குப் போனோம். பகலில் அனலாகக் கொதித்தது. மூலையில் ஒரு மரப்பெட்டிமேல் பிளாப்பியை நிறுத்திவைத்து, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கனகாம்பரம் ஒரு முழம் சாத்தி, முன்னால் அகல் ஏற்றியிருந்தார்கள். மலர் என் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இதுக்குள்ளதான் எங்கம்மா இருக்கு" என்று காட்டினாள். அப்பா வெளியே போய்விட்டார். நாங்கள் வெளியே வந்தபோது, கொட்டகையின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது அந்தக் கொட்டகைகள் இல்லை. அவர்களுக்கு ஊருக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பாஸ்கரின் மாடிப்படிக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் தெருவில் போன் கம்பமே இல்லை. பிளாப்பி போடும் பொந்து உள்ள கம்ப்யூட்டர் ஒன்றை இன்று காரைக்கால் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஓய்வு பெற்றுவிட்ட அப்பா வாரம் தவறாமல் போன் செய்து, "கிளவுட்ல இருக்கு, கிளவுட்ல இருக்குங்கறியே, அது யாரு வூட்டுல இருக்கு? அவங்க ஃபார்மட் பண்ணிட்டா?" என்று கேட்பார். பண்ணமாட்டார்கள் என்று சொல்வேன். "ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்பார். 

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மலர் வந்தாள். கல்யாணமாகி, அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் மகன் இருக்கிறான். தலை முழுக்க நரைத்த முருகையனையும் கையோடு அழைத்து வந்திருந்தாள். அம்மா டீ போட உள்ளே போனதும், மலர் என்னிடம் நேரே விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, இந்த ஏஐ இருக்குல்ல, படம் இல்லாட்டிகூட அடையாளம் சொன்னா மூஞ்சி வரைஞ்சு குடுக்குமாமே? எம் மவன் அம்மாச்சி எப்புடி இருக்கும்னு கேக்குறான். எனக்கு ஒண்ணுமே ஞாவகம் இல்லக்கா. கொரலு மட்டும் லேசா இருக்கு. நீங்க கம்ப்யூட்டர்லதான வேல பாக்குறீங்க, செஞ்சு குடுங்க" என்றாள்.

முடியாது என்று எப்படிச் சொல்வது? போனை எடுத்துக்கொண்டேன். முருகையன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதலில் வந்தது மூக்கும் முழியுமாக, சிவப்பாக, காசுமாலை போட்ட ஒரு பெண். மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பு என்றார் முருகையன், கறுப்பாக வந்தது. முகம் நீளம் என்றார்; நீண்டது. பல் லேசாகத் தூக்கியிருக்கும் என்றார். சும்மாடு, குங்குமம், சிரிப்பு என்று அப்பா எடுத்துக்கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இது யாரோட மூஞ்சிலேருந்து எடுக்குது?" என்று அப்பா கேட்டார். 

மூக்கு எப்படி என்று கேட்டேன். முருகையன் வாயைத் திறந்தார். திரையில் இருந்தவளைப் பார்த்தார். சொல்லாமல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம்... இப்புடித்தான்... இல்ல" என்றார். பிறகு போனை என் கையோடு சேர்த்து மெல்லக் கீழே தாழ்த்தினார்.

"போதும்மா, நிறுத்திடு. இன்னும் ரெண்டு பாத்தேன்னா, உள்ள இருக்கறதும் போயிடும்."

"ஒனக்கு உள்ள இருக்குப்பா" என்றாள் மலர். "எனக்கு?"

முருகையன் மகளைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், காலமெல்லாம் பாஸ்கரைப் பார்த்த அதே பார்வை. போனில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கீழே ஒரு வரி கேட்டுக்கொண்டிருந்தது.